முந்தானையை இழுக்கும் செல்லம்

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறீர்கள். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுக்கிறார்கள். துச்சாதனன் இல்லை, வீட்டில் வளரும் ஐந்து மாதக் குட்டிதான். "சீ, விடு!" என்று புடவையை உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். அது இன்னும் பலமாக இழுக்கிறது. வால் ஆடுகிறது, தொண்டையில் 'உர்ர்' என்று ஓர் உறுமல். நீங்கள் கோபத்தில் இழுக்க, அது ஆனந்தத்தில் இழுக்க, நடுவில் புடவை 'டர்' என்கிறது.

அன்று மாலை வீட்டில் பஞ்சாயத்து கூடும். "இப்பொழுதே இரண்டு அடி போட்டு வைத்தால்தான் சரிப்படும்" என்பார் மாமனார். "நாயோடு இழுக்கிற விளையாட்டு விளையாடினால் அதற்குத் திமிர் ஏறிவிடும், அப்புறம் யாரையும் மதிக்காது" என்பார் பக்கத்து ஃப்ளாட்காரர். மாமியார் மட்டும் பேரனைப் பார்த்து, "ஏண்டா, போன ஞாயிற்றுக்கிழமை பழைய துண்டைக் கொடுத்து இழு இழு என்று சிரித்தது நீதானே?" என்று கேட்பார்.

மூன்று பேரில் விஷயத்தைத் தொட்டவர் மாமியார்தான்!

இது ஏதோ புடவை கிழிந்த சில்லறைச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். துணியில் படுகிற பல் ஒருநாள் குழந்தையின் விரலில் பட்டு ரத்தம் வந்துவிட்டால், மறுநாள் அந்தக் குட்டி பல வீடுகளில் இருப்பதில்லை. தெரிந்தவர் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் கிடைக்காவிட்டால் ஊர்க்கோடியில் காரிலிருந்து இறக்கிவிடப்படும். பால் சாதம் தின்று சோபாவில் படுத்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. குழந்தைக்கோ ஆயுளுக்கும் நாய் என்றால் நடுக்கம். இரண்டுக்கும் காரணம் யாரும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்காத ஒரு விளையாட்டு.

விளையாடாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நாம் விளையாடாவிட்டாலும் அது இழுக்கத்தான் போகிறது. ஒரு மாதம் ஆவதற்குள்ளாகவே குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. பல்லால் பற்றுவதும் இழுப்பதும் உதறுவதும் நாயின் ரத்தத்தில் ஊறியவை. நாம் ஒரு கயிற்றைக் கொடுத்து, 'இதை இழு, இப்பொழுது இழு' என்று வழிகாட்டாவிட்டால், அது கதவுத் திரையையும் கால்மிதியையும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எல்லா நாய்களும் இப்படி என்றும் சொல்ல முடியாது. ஓடுவதிலேயே சுகம் காணும் நாய்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் வேட்டை நாய்களில் சில, கயிற்றை மூக்கருகே ஆட்டினாலும் 'இது என்ன அற்பம்' என்பது போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவற்றை வற்புறுத்த வேண்டாம்.

இனிப் பக்கத்து ஃப்ளாட்காரரின் 'திமிர்' சித்தாந்தத்துக்கு வருவோம். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய புத்தகங்களே ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதின. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் மிருகக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவற்றுக்குள் தலைமைக்கான போட்டி ஓயாமல் நடக்கிறது என்று எழுதினார். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஓநாய்க்குச் சொன்னதை நாய்க்கும் பொருத்தி, 'நாய் எப்பொழுதும் வீட்டுத் தலைமையைப் பிடிக்கப் பார்க்கிறது. கயிறு இழுப்பதில் அதை ஜெயிக்க விடாதே' என்று பழக்குகிறவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

முன்பின் தெரியாத பத்துப் பேரை ஓர் அறையில் அடைத்துவைத்து, அவர்கள் தண்ணீருக்குச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, 'தமிழ்க் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது' என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? ஷெங்கலின் கதை ஏறக்குறைய அதுதான். காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தகப்பன், ஒரு தாய், அவற்றின் குட்டிகள், அவ்வளவே. வட துருவத்தை அடுத்த எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் நேரில் கவனித்த பிறகு, அதே டேவிட் மெக் 1999-ல் இதை விளக்கி எழுதினார். தம்முடைய பழைய புத்தகத்தை அச்சிடுவதையே நிறுத்தும்படி பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுதினவரே கைவிட்ட சித்தாந்தத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கயிற்றைப் பற்றியே தனியாக ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா என்ற இருவர் இங்கிலாந்தில் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு மறுபடி மறுபடி இழுபறி விளையாடினார்கள். சில வேளைகளில் நாயை ஜெயிக்க விட்டார்கள், சில வேளைகளில் தாங்களே ஜெயித்தார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. ஜெயித்த நாய் எஜமானனை மிஞ்ச முயலவில்லை. யார் ஜெயித்தாலும் சரி, விளையாட்டுக்குப் பிறகு நாய்கள் முன்னைவிடச் சொல் கேட்டன. ஆனால் இயல்பிலேயே விளையாட்டு வெறி கொண்ட நாய்கள், ஜெயிக்க விட்டதும் 'இன்னும் வா, இன்னும் வா' என்று அதிகமாக நச்சரித்தன. ஆகவே சாதுவான நாயைத் தாராளமாக ஜெயிக்க விடுங்கள். எப்பொழுதும் தோற்கிற விளையாட்டில் யாருக்குத்தான் ருசி? ரகளைக்காரனாக இருந்தால் பாதி வெற்றியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஜெயிப்பதும் தோற்பதும் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் ஒரே ஒரு சொல்: 'விடு'.

இந்தச் சொல் தெரிந்த நாயோடு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். தெரியாத நாயோடு ஒரு தடவைகூட இழுக்கக் கூடாது என்பது என் கட்சி. கற்றுக்கொடுப்பது அப்படி ஒன்றும் பிரமாத வித்தை இல்லை. நாய் கயிற்றைக் கவ்வி இழுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் இழுப்பதைச் சட்டென்று நிறுத்திவிட்டு, கயிற்றை உங்கள் முழங்காலோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உயிரோடு துள்ளிய கயிறு செத்துப்போய்விட்டது! இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும். சுவாரஸ்யம் போய் வாயைத் தளர்த்தும். தளர்த்துகிற அந்தக் கணத்தில் 'விடு' என்று சொல்லி, 'சமர்த்து!' என்று கொஞ்சி, உடனே 'பிடி' என்று கயிற்றைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் விளையாட்டே முடிந்துவிடும் என்று நாய் கண்டுகொண்டால், அது ஏன் விடும்? விட்டால் மறுபடி கிடைக்கும் என்று தெரிந்தால் தானே விடும். சில நாட்கள் பழகிய பிறகு, சொல்லை முதலில் சொல்லி நிறுத்திப் பாருங்கள்.

பிடிவாதக்காரனாக இருந்தால் மூக்கருகே ஒரு சிறு தின்பண்டம் காட்டலாம். வேகவைத்த முட்டை, காரட் துண்டு, துளி பன்னீர், எதுவானாலும் சரி. உலர்ந்த திராட்சை மட்டும் கூடாது. பச்சைத் திராட்சையும் அப்படியே. நாயின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும். சாக்லெட்டும் விஷம்தான். வாயைப் பலவந்தமாகப் பிளப்பதும், முகத்தில் அடிப்பதும் கூடவே கூடாது. பிடுங்கப் பிடுங்க இறுக்குவதுதான் நாயின் தாடை; அடிக்க அடிக்க அது கற்றுக்கொள்வது, மனிதக் கை வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையே.

இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. பாட்டி 'விட்டுடுடா கண்ணா' என்பார். அப்பா 'ட்ராப் இட்' என்பார். அக்கா 'லீவ்' என்பாள். தம்பி 'கொடு' என்று கத்துவான். தாய்மொழியே இல்லாத பிராணி எத்தனை பாஷையைத்தான் கற்கும்? எந்தச் சொல்லானாலும் சரி, வீடு முழுவதும் ஒரே சொல்லாக இருக்கட்டும். சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எதைக் கொடுத்து இழுப்பது? பழைய துண்டு, ஒற்றைக் காலுறை, கிழிந்த தாவணி என்று கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பதுதான் வழக்கம். கிழிந்த சட்டை என்றும் தீபாவளிச் சட்டை என்றும் நாய்க்குப் பேதம் தெரியாது. நாம் உடுத்துகிற துணியின் வாசனை உள்ள எதையும் விளையாட்டுக்குக் கொடுத்தால், உடுத்தியிருக்கும் துணியும் விளையாட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைத் துண்டுதான் திங்கட்கிழமை முந்தானை ஆயிற்று.

தேங்காய் நார்க் கயிறு ஈறில் குத்தும். நைலான் கயிறு நம் உள்ளங்கையை அறுக்கும். பழைய சைக்கிள் டயரின் ஓரத்தில் கம்பி இருக்கும். கடைகளில் நாய்களுக்கென்றே விற்கும் கெட்டிப் பருத்திக் கயிறோ கனத்த ரப்பரோ வாங்குவது உத்தமம். நீளம் ஒரு முழத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றரை முழம் இருந்தால் இன்னும் நல்லது. பல் ஒரு முனையில், விரல் மறு முனையில், நடுவில் தாராளமாக இடம். விபத்துகளில் பாதி கயிறு குட்டையாக இருப்பதால் வருகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விளையாடி முடிந்ததும் கயிறு தரையில் கிடக்கக் கூடாது. ஆணியில் மாட்டுங்கள், அலமாரியில் வையுங்கள். தனியாகக் கிடைத்தால் நாய் உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்து விழுங்கும். விழுங்கிய நூல் பொல்லாதது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்குகிறதோ, அப்படிக் குடல் அந்த நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். நூல் குடலை அறுத்துவிடுவதும் உண்டு. நாயின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால், தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கயிற்றில் பிசிறு தட்டினால் உடனே குப்பையில் போட்டுவிடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

இழுக்கிற விதம்: கயிறு நாயின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். பக்கவாட்டில், வலமும் இடமுமாக, மெதுவாக. மேலும் கீழுமாக வெடுக்கென்று உதறினால் கழுத்து எலும்பு நோகும். உதறுகிற வேலையை நாயே செய்துகொள்ளட்டும். நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கயிற்றைக் கவ்விய நாயை அந்தரத்தில் தூக்கிச் சுற்றுகிற படங்கள் இப்போதெல்லாம் செல்போனில் வருகின்றன. பார்த்துக் கை தட்டாதீர்கள். நான்கு காலும் எப்பொழுதும் தரையில் இருக்க வேண்டும். முதுகு நீண்டு கால் குட்டையான டாஷ்ஹுண்ட் போன்ற நாய்களுக்கு முதுகுத் தண்டில் தொந்தரவு வருவது சகஜம். அவற்றோடு இரண்டு விரல் பலம் போதும்.

தரையும் முக்கியம். நம் ஃப்ளாட்டுகளின் டைல்ஸ் தரையில் நாயின் பின்னங்கால்கள் வழுக்கி அகன்று, மூட்டு பிசகிவிடும். ஜமக்காளம் விரித்தால் ஜமக்காளமும் சேர்ந்து வழுக்கும். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரை நல்லது, வெயில் தாழ்ந்த பிறகு. உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மூக்குச் சப்பையான பக் ஜாதி நாய்களுக்கு வெயிலில் மூச்சு விடுவதே பாடு. சாப்பிட்டவுடன் எந்த நாயையும் துள்ள விடாதீர்கள். மூன்று நான்கு நிமிஷம் இழுத்தால் போதும், பிறகு ஓய்வு.

நாய்க் குட்டிக்குப் பால் பற்கள் 28. நான்காம் மாதவாக்கில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் கயிற்றில் ஒரு பொட்டு ரத்தமோ அரிசி போல் ஒரு பல்லோ கண்டு பதற வேண்டாம். பலமாக மட்டும் இழுக்காதீர்கள்.

உறுமினால்? முக்கால்வாசிப் பேர் பயப்படுவது இதற்குத்தான். விளையாட்டு உறுமலும் உண்டு, வினை உறுமலும் உண்டு. புடாபெஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கயிறு இழுக்கும்போது உறுமுவதையும், அந்நியரைக் கண்டு உறுமுவதையும், எலும்பைக் காக்கும்போது உறுமுவதையும் தனித் தனியாகப் பதிவு செய்தார்கள். மனிதர்கள் 40 பேருக்குப் போட்டுக் காட்டி, எது எது என்று கேட்டார்கள். 2017-ல் வெளியான முடிவுப்படி, விளையாட்டு உறுமலைத்தான் கேட்டவர்கள் மிகச் சுலபமாக அடையாளம் கண்டார்கள். அதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சரியாகச் சொன்னார்களாம். அடுக்களையில் இருந்தபடியே, கூடத்தில் குழந்தை அழுவது பசியா பாசாங்கா என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது ஓர் ஆச்சரியமா?

காதோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி வளைந்து நிற்கிறதா, உடம்பு தளர்வாக நெளிகிறதா, உறுமல் விட்டு விட்டு வருகிறதா? கவலை இல்லை. உடம்பு கட்டை போல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய முறைத்து, கயிற்றின் மேல் கவிழ்ந்துகொண்டு அசையாமல் நிற்கிறதா? அது விளையாட்டு இல்லை. அப்பொழுது கையை நீட்டிப் பிடுங்காதீர்கள். ஒரு பந்தையோ தின்பண்டத்தையோ தூர எறிந்து அதன் கவனத்தைத் திருப்புங்கள். தட்டருகிலும் எலும்பருகிலும் இதே போல விறைக்கிற நாயோடு இழுபறியே வேண்டாம், மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

பல் தோலில் பட்டால் விளையாட்டு அந்த நிமிஷமே முடிந்தது. தெரியாமல் பட்டதா, வேண்டுமென்று பட்டதா என்ற விசாரணை வேண்டாம். கயிற்றை எடுத்துக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விடுங்கள். திட்டினால் அதுவும் ஒரு வேடிக்கையாகிவிடும், மௌனந்தான் உறைக்கும்.

தோல் கீறிவிட்டால், ஒரு கோடு ரத்தம் கண்டாலும், நாயை மறந்து குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 'நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே' என்று நாமே தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஊசி வேண்டுமா, எத்தனை என்று டாக்டர் சொல்லட்டும். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அபூர்வம். முன்கூட்டி ஊசி போட்டுக்கொண்டால் தப்பித்துவிடலாம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தால் சிலர் இன்னும் மறைக்கிறார்கள். அந்த ஊசி இந்தியாவில் 2005-க்கு முன்பே ஒழிந்துபோயிற்று. இப்பொழுது கையில்தான் போடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். தெருவிலிருந்து இரக்கப்பட்டு எடுத்துவந்த குட்டியானாலும் அதே ஜாக்கிரதை வேண்டும். குட்டிக்கும் வெறிநோய் வரும். மூன்றாம் மாதத்தில் அதற்கு முதல் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் தவறாமல். குழந்தைகளிடம், 'கீறினால் அம்மாவிடம் சொல், யாரும் அடிக்க மாட்டோம்' என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். நாயைத் துரத்திவிடுவார்களோ என்று பயந்து காயத்தை மறைக்கிற குழந்தைகள் உண்டு.

குழந்தைகள் விளையாடலாமா? பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டுமே, அதுவும் பத்து வயது தாண்டிய பிறகே என்பேன். சிறுவர்களின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஓர் இழுப்பில் குழந்தை குப்புற விழும். விழுந்த குழந்தை வீரிட்டால் நாய்க்கு இன்னும் உற்சாகம். சின்னவர்கள் பந்து எறியட்டும், அல்லது தின்பண்டத்தை ஒளித்துவைத்து நாயைத் தேடச் சொல்லட்டும். பந்தை வாங்குவதற்கும் அதே 'விடு' பயன்படும்.

கோடை விடுமுறைக்கு நாத்தனார் குழந்தைகளோடு வந்து இறங்குகிறார் என்றால், அவர்கள் படியேறுவதற்கு முன்பே கயிற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பந்தை வெளியே எடுத்து வையுங்கள். சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.